கியரும் முருகன் விளக்கும்

நான் குடியிருக்கும் ஊரில் கார் நிறுத்துவதே ஒரு சடங்கு. நியூசிலாந்தின் தெற்குப் பக்கம், டனீடன் என்கிற மலை ஊர். இங்கே சமதளம் பார்க்க ஆசைப்பட்டால் கடலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். கடைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சு தவறி விழுந்தால் மூன்று வீடு தள்ளி யார் வீட்டு கேட்டிலோ போய் நிற்கும். அதைத் துரத்துவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. காரை நிறுத்தினால் முன்சக்கரத்தை நடைபாதைப் பக்கம் ஒடிக்க வேண்டும், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஆட்டோமேட்டிக் கியரை, வண்டியை நிறுத்தி வைக்கும் ‘பார்க்’குக்குத் தள்ள வேண்டும். இடைசெவல் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எங்கள் பக்கம் எது மேடு, எது பள்ளம் என்று மழை பெய்தால்தான் தெரியும். மழையோ, கேட்கவே வேண்டாம்.

வந்த முதல் மாதமே இந்த வரிசையைப் பிசகவிட்டேன். ஹேண்ட் பிரேக் போடாமல், மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் கியர் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், சிமெண்டு வைத்துப் பூசியதுபோல இருந்தது. முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. ஏழு மணிக்குப் போய் ராத்திரி ஷிஃப்ட் ஆளை மாற்றிவிட வேண்டும். எதிர்வீட்டு ராபின், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து என்னமோ சொன்னார். அவர் பேசுகிற வேகத்துக்கு எனக்கு அப்போது ஒரு வார்த்தை பிடிபடாது. அவர் வாசலை மறித்து நிறுத்திவிட்டேன் போல என்று நினைத்து, “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தேன். மனிதர் கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டுக் காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார். அடப் பாவி மனுசா, என் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறாயே என்று தமிழிலேயே கத்திக்கொண்டு இறங்கப் போனேன். அவர் பதிலுக்குக் கத்தி, கியரைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார். சரிவில் நிற்கும் வண்டியின் முழுப் பாரமும் கியருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் உட்கார்ந்துவிடும், ஒரு இம்மி மேலே தள்ளினால் பல் விலகும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. தள்ளினார், கியர் வந்தது. அன்றிலிருந்து ‘பார்க்’கில் கியர் மாட்டினால் காரணம் மேடுதான் என்பது எனக்கு வேதவாக்கு.

அந்த வேதத்தோடுதான் போன வைகாசிக் கடைசியில் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் போகிற வழியில் எங்கள் வீடு. அண்ணன் அய்யாத்துரை அரை ஆயுளை லாரியில் கழித்தவர்; இப்போது நாலு ஆடு, கொஞ்சம் உளுந்து, பருத்தி என்று இருக்கிறார். அவரும் செல்லம்மா மதினியும், கூடவே என் தங்கை கனகுவும். கனகுவுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு இத்தனை வருஷமும் பஸ்ஸிலேயே போய் வந்தாள். ‘அங்கே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இடது காலே வேண்டாம்’ என்று நான் போனில் வாய் கிழியப் பேசிப் பேசி, போன வருஷம் அவளை ஒரு கார் எடுக்க வைத்தேன். லைசென்சும் வாங்கிவிட்டாள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. கிளட்ச் இல்லாத வண்டி அவருக்கு ராட்டினத்தில் வரும் குதிரை மாதிரி.

இதற்கிடையில் கனகுவுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்திருந்தது. விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளி. இரண்டு பஸ் மாறி இறங்கினால், அதற்கு மேல் ஒரு மைல் நடை. அவள் காலுக்கு அது ஆகாத காரியம். கார் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். திங்கள்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்த காரைக் கழுவ வெளியே எடுக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, செத்த இங்கன வா. வண்டி ஸ்டார்ட் ஆகுது. கியர் மட்டும் வரமாட்டேங்கு.”

“பிரேக்க மிதிச்சியா?”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“தள்ளு, நான் பாக்குதேன்” என்று ஏறி உட்கார்ந்தேன். அதே சிமெண்டு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட, பொய் சொல்வானேன். வெளிநாட்டில் பதினாலு வருஷம் இருந்ததற்கு வீட்டுக்கு உபயோகமாக ஒன்று செய்யப் போகிறேன் அல்லவா. இறங்கி, “ஒண்ணுமில்ல, மேட்டுல நிக்குது. பின்னால இருந்து லேசாத் தள்ளுனாப் போதும்” என்றேன். அண்ணன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே திரும்பினார்.

“ஏட்டி, இங்கன ஏது மேடு? ஒரு கொடம் தண்ணியக் கவுத்துனா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கும். இதுல மேடாம்லா.”

இருந்தாலும் தள்ளினேன். விறகுக்கு வைத்திருந்த பருத்திமார்க் குவியலில் காலை ஊன்றிக்கொண்டு முக்கி முக்கித் தள்ளினேன். கனகு உள்ளே இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை, என் சேலையில் கரிசல் தூசி அப்பியதுதான் மிச்சம். அண்ணன் குழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார். “நான் அன்னைக்கே சொன்னேம்லா. இன்னைக்குக் கொட்டாய்க்குள்ள நின்னுட்டு. நாளைக்கு நடுக் காட்டுல, வெயில்ல நின்னா என்ன செய்வா? அந்த எச்செம் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு கனகு. வண்டியையும் தள்ளி விட்டுருவோம்.” கனகு ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வாசலில் நின்ற மதினி தன் பங்குக்கு ஆரம்பித்தார். “காலையில இருந்து சொல்லுதேன், ஒருத்தரும் காதுல வாங்க மாட்டேங்கிய. சாமி வெளக்கு எரியல. அவரு கண்ணத் தொறக்காம வண்டி எப்படி நவரும்?”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காரின் முன்பலகையில் ஒரு சின்ன முருகன் இருக்கிறார், கழுகுமலையில் வாங்கியது. வேலுக்குப் பின்னால் சிவப்பு பல்பு. பிரேக்கை மிதித்தால் எரியும், எடுத்தால் அணையும். அண்ணனே வயர் இழுத்து மாட்டிக் கொடுத்தது. தினமும் காலையில் மதினி அதற்கு ஒரு பூ வைப்பார், கனகு பிரேக்கை மிதிப்பாள், முருகன் பளிச்சென்று சிவப்பார், மதினி கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் அதுதான் தீபாராதனை. இதை ஒருமுறை ராபினிடம் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. ‘எதற்கான எச்சரிக்கை விளக்கு அது?’ என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எச்சரிக்கை இல்லை, அது கடவுள் என்றேன். அவர் தலையாட்டியதில் புரிந்த மாதிரித் தெரியவில்லை. புரியாத மனிதர் என்று நானும் விட்டுவிட்டேன்.

“மதினி, நீங்க சும்மா இருங்க. இது எலக்ட்ரானிக்கு” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மேடு போனபின் என் கையில் வேறு சரக்கு இல்லை. காரோடு வந்த கையேடு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மேலே சந்தனப் பொட்டோடு இருந்தது. பொட்டு வைத்தவர்கள் திறந்து பார்த்திருக்கலாம். பிரித்து, கனகு பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ‘பார்க்’கில் இருக்கும்போது கியருக்கு மின்சாரப் பூட்டு ஒன்று விழுமாம், பிரேக்கை மிதித்தால்தான் பூட்டு திறக்குமாம், திறக்காவிட்டால் கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைப் பெயர்த்து உள்ளே குச்சி மாதிரி எதையாவது விட்டு அழுத்தி, கியரை நகர்த்தலாமாம். ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே விட்டு அழுத்தினேன். கனகு பிரேக்கை மிதித்தபடி இழுத்தாள். கியர் வழுக்கிக்கொண்டு வந்தது. “ஏயப்பா!” என்று நான் போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டன.

அண்ணன் மசியவில்லை. “தெனமும் குத்தூசி வச்சுக் குத்தித்தான் வண்டி எடுக்கணுமா? எடு பாப்போம், வெளிய எடு” என்று காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். லாரிக்காரர் அல்லவா, வண்டி பின்னால் வந்தால் கை தானாக ஆடத் தொடங்கிவிடும். “வரட்டும், வரட்டும், வரட்டும்... ஓல்டான்!” கார் நின்றது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

“ஏட்டி, பிரேக்கப் புடி.”

“புடிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்.”

“நல்லா மிதி.”

“மிதிச்சிருக்கேன்.”

“பின்னால ஒரு வெளக்கும் எரியலியே.”

“அதத்தான நான் காலையில இருந்து சொல்லுதேன்” என்றார் மதினி.

எனக்குச் சட்டென்று அண்ணனின் பழைய லாரி ஞாபகம் வந்தது. கயத்தாறில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்துவார். நானும் கனகுவும் கேபினுக்குள் ஏறி, “மிதிங்கண்ணே, மிதிங்கண்ணே” என்று நச்சரிப்போம். மிதிப்பார், கண்ணாடிக்கு மேலே இருக்கும் முருகன் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு ஓடும். எதுக்குண்ணே பிரேக்குக்குச் சாமி என்று நான் கேட்டதற்கு, “பின்னால வெளக்கு எரியுதான்னு ஓட்டுதவனுக்கு எப்படிட்டி தெரியும்? ரெண்டும் ஒரே வயரு. அவரு எரிஞ்சா அதுவும் எரியுது. அவரு அணைஞ்சிட்டா எறங்கிப் பாத்துரணும், இல்லேன்னா பின்னால வாரவன் நம்ம மேல ஏறிருவான்” என்றார். எனக்குப் பத்து வயது இருக்கும். கேட்டதோடு மறந்தும் போனேன். இப்போது மடியில் விரித்த கையேட்டைப் பார்த்தேன். பின்விளக்கு, முருகன், கியர்ப் பூட்டு, மூன்றுக்கும் ஒரே ஃபியூஸ். ராபின் கேட்டது சரியான கேள்வி. நான்தான் புரியாத மனுசி.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தோம். பத்து ஆம்பியர், சிவப்பு, விரல்நகம் அளவு. உள்ளே கம்பி அறுந்து கருகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் எலக்ட்ரிக் கடை ஒன்றும் திறந்திருக்காது. அண்ணன் தன் பைக் சீட்டைத் தூக்கி, அதில் உபரியாக வைத்திருந்த ஒரு ஃபியூஸை எடுத்து வந்தார். அதுவும் சிவப்புதான். நான் அவசரக்குடுக்கை, அவர் கையிலிருந்து வாங்கி மாட்டி, “மிதிட்டி” என்றேன். கனகு மிதித்தாள். முருகன் ஒரு கண் சிமிட்டினார், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் அதுவும் கருகியிருந்தது.

“எதனால போச்சுன்னு பாக்காம மாட்டுவாளா ஒருத்தி? இருந்தது ஒண்ணு” என்று அண்ணன் பல்லைக் கடித்தார். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. அவரே காருக்குள் தலையை விட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து வயரைத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. முருகனுக்கு அவர் இழுத்த வயர், பலகைக்கு அடியில் ஒரு திருகில் மாட்டி நசுங்கி, மேல்தோல் கிழிந்து கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் மாட்டுனதுதான் என்று அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

“அந்த வயர வெட்டி எறிஞ்சிருங்கண்ணே. வண்டி சரியாயிரும்” என்றேன். நான் வேலை பார்க்கும் ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்த புத்தி அது: கூடுதலாக இருப்பதைக் கழற்றிவிடு. அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்தார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“வெட்டாதிய அண்ணே” என்றாள் கனகு. அன்றைக்கு அவள் குரலை உயர்த்தியது அப்போதுதான். “அது இல்லேன்னா பின்னால வெளக்கு எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? விளாத்திகுளம் ரோட்டுல எனக்குப் பின்னாலயும் லாரி வரும்லா.”

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். லாரி ஓட்டுகிறவர்களைத்தான் அவர் அப்படிப் பார்ப்பார். பிளேயரைக் கீழே வைத்துவிட்டு, வயரைத் திருகிலிருந்து விடுவித்து, இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, வேறு வழியாக ஓட்டிக் கட்டினார். அப்புறம் மறுபடி பைக்கிடம் போனார். இந்தத் தடவை உபரி கிடையாது. வண்டி ஓடுகிற ஃபியூஸையே பிடுங்கினார். கனகுவால் கார் எடுக்க முடியாவிட்டால் முதல் நாள் மட்டுமாவது அவளைக் கொண்டுபோய் விடலாம் என்று அவர் பெட்ரோல் போட்டு நிறுத்தியிருந்த பைக் அது.

“இதுவும் போச்சுன்னா?” என்றேன்.

“போச்சுன்னா ரெண்டும் நிக்கும். மாட்டு.”

ஒன்றைக் கருக்கியவள் நான், அதனால் அவளையே மாட்டச் சொன்னேன். கனகு மாட்டினாள். மிதித்தாள். முருகன் சிவந்தார், சிவந்தபடியே இருந்தார். பின்னால் இரண்டு விளக்கும் சிவந்தன. கியரை இழுத்தாள், வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, “எலக்ட்ரானிக்காம்” என்றார்.

மறுநாள் காலை ஏழரை மணி. கனகு மடிப்புக் கலையாத பருத்திச் சேலையில், பையை அடுத்த சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதினி பூ வைத்தார். அண்ணன் காருக்குப் பின்னால் போய் நின்றார். செத்த பைக் அவருக்குப் பக்கத்தில் நின்றது.

“மிதி.”

மிதித்தாள்.

“எரியுது, போ” என்றார்.

அவர் ‘போ’ என்று சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம் பாதி, மீதி பொறாமை. ஆமாம், சொந்தத் தங்கைமேல் பொறாமைதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் பெட்டியோடு இதே வாசலில் நின்றபோது அவர் லாரியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, “உன் இஷ்டம்” என்றார், திரும்பிப் பார்க்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். கார் கரிசல் தூசியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறித் திரும்பும்வரை அண்ணன் அங்கேயே நின்றார். திரும்பும் இடத்தில் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. “பிரேக்கப் புடிக்கா, நல்லாத்தான் ஓட்டுதா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார்.

கடை திறந்ததும் முருகனுக்கென்று தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் வாங்கி மாட்டச் சொன்னேன். நான் இருக்கும் ஊரில் அதுதான் முறை. புதிதாக ஒன்றை மாட்டினால் அதற்குத் தனி ஃபியூஸ். “சாமிக்குத் தனி ஃபியூஸா?” என்று அண்ணன் யோசித்தார். முருகனுக்கு ஏதாவது ஆனாலும் வண்டி ஓடும் என்றேன். அது மரியாதையா இல்லையா என்று அண்ணனால் முடிவுக்கு வர முடியவில்லை, ஆனால் மாட்டிவிட்டார். கனகு இப்போது தினமும் போய் வருகிறாள். அண்ணன் தினமும் பின்னால் நிற்கிறாராம். ‘நான் போற வரைக்கும் அவிய ஆட்டைக்கூட அவுக்குறதில்ல’ என்று போனில் சிரிக்கிறாள்.

அங்கே காலை ஏழரை என்றால் இங்கே பிற்பகல் இரண்டு. எனக்கு இப்போது மாலை ஷிஃப்ட். நானும் அந்த நேரத்துக்குத்தான் கிளம்புகிறேன். முந்தாநாள் காரில் உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தேன். கண் தானாக முன்பலகைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, பார்க்கிங் சீட்டு மட்டும் கிடந்தது. மிதித்த காலை எடுக்காமல், கியரையும் நகர்த்தாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. ராபின், குளிருக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். “மறுபடி மாட்டிக்கொண்டதா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுக்கத் தயாராகிவிட்டார். எழுபத்தைந்து வயது மனிதர்.

கண்ணாடியை இறக்கி, பின்னால் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய்க் குனிந்து பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். “எரிகிறதே” என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

அவ்வளவுதான் சொன்னார். அண்ணனுடைய மீதி ஒரு வார்த்தையை நானே சொல்லிக்கொண்டு கியரை இழுத்தேன்.